கடல் அட்டைக்குத் தண்ணீர்

காலையில் எழுந்ததும் கண்ணாடித் தொட்டியின் உப்பை அளந்தேன். கடல் அட்டைக்குப் பாசித் தூள் போட்டேன். பிறகுதான் பல் துலக்கினேன்.

என் மனைவி ஷர்லியின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு அழைக்க, அவள் அண்ணன் பிராங்க்ளின் ஆவூரிலிருந்து வந்தார்.

"என்ன மாப்ள, வீடு முழுக்க ஒட்டடை. தொட்டி மட்டும் பளபளங்குது?"

"ஷர்லி வளர்த்தது மச்சான்."

"அதுக்காக வாராவாரம் மீமிசல் போயி கடல்தண்ணி புடிச்சிட்டு வாரீங்களாமே! கடைசியா அவ இதைத்தான் பாத்துக்கச் சொன்னாளா?"

தலையாட்டினேன்.

அவருக்குக் கண் கலங்கியது. "அவ சொன்னதக் காப்பாத்துறீங்க மாப்ள."

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது வேறு. அதை இன்னும் நான் செய்யவில்லை. செய்துவிட்டால், அவளுக்காகச் செய்ய எனக்கு வேறு வேலையே இருக்காது.

"அட்டையைக் கடல்ல விட்டுருங்க," என்றிருந்தாள். " கண்ணாடிக்குள்ள கெடந்தது போதும்."