பாதாள ராஜாவின் மானம்

பாதாள ராஜா பூலோகப் பெண்ணைத் தூக்கிப்போன கிரேக்கப் புராணத்தை மகள் அர்கிரோ காதல் நாவலாக எழுதியிருந்தாள். நாளை அது அச்சுக்குப் போகிறது. படித்து முடித்த கையெழுத்துப் பிரதியை அப்பா ஸ்ட்ராதிஸ் அவளிடம் திருப்பி நீட்டினார்.

"மூணாம் அத்தியாயத்தை மாத்தும்மா. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் தலைகுனிஞ்சதில்ல."

"முத்தம் அதிகமாப்பா?"

"அது கிடக்கட்டும். தூக்கிட்டுப் போற கட்டம்தான் பிரச்சினை. காபிக்கடையில படிச்சா, ராஜா நான்தான்னு உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? நீங்க அம்மாவைக் குதிரையில தூக்கிட்டு வந்தது கிரீட் தீவு மலை முழுக்கத் தெரியும். நாப்பது வருஷமா நீங்களேதானே சொல்றீங்க?"

"அதையே எழுதித் தொலையேன்! உன் கதையில ராஜா பயந்துபோய் வேலியோரம் நிக்கிறான். அந்தப் பொண்ணு அவனை மூட்டை மாதிரிக் கழுதைமேல போட்டு ஓட்டிட்டுப் போறா. இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"நான்தான்" என்று சமையலறையிலிருந்து மனைவி கலியோவின் குரல் வந்தது. "வழியெல்லாம் நீங்க அழுதீங்களே, அதை நான் இன்னும் சொல்லவே இல்ல."