பதின்மூன்றாவது ஒப்புகை அட்டை

லிங்கராஜ் தன் முதல் நாவலைக் கோவில்பட்டி தபால் நிலையத்திலிருந்து பன்னிரண்டு பேருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினான். புத்தகம் கிடைத்ததற்கு அத்தாட்சியாகப் பதின்மூன்று ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன.

கடைசி அட்டையில் கையெழுத்து இல்லை, கைநாட்டு இருந்தது. கட்டைவிரல் ரேகைக்குக் குறுக்கே பண்ணரிவாள் வெட்டின் தழும்பு. ஒன்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன அவன் அக்கா வள்ளிமயிலின் விரல் அது. நாவலே அவள் கதைதான்.

மனைவி பொன்மணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மதினிக்குத்தான் எழுத்தே தெரியாதே. அவியளுக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?"

மறுநாள் வெயில் தாழ, அக்காவைப் புதைத்த கரிசல் காட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். ஆடு மேய்ப்பவர்கூட அந்தப் பக்கம் இல்லை. பத்தி முடிந்ததும் மூச்சு வாங்க நிறுத்தினான்.

நிலத்து வெடிப்புக்குள்ளிருந்து அக்கா உம் கொட்டினாள்.