இருவருக்கும் ஒரே திரை

ஆளுக்கொரு திரைக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி வீடியோ கேம் விளையாடும் காலம் அது. யார் ஆடினாலும், அவரவர் கண்ணாடியில் அவரவரே ஜெயித்ததாகக் காட்டும். கல்யாணமான நாளிலிருந்து பியூலாவும் ஜெபசிங்கும் ஒருவரிடம் ஒருவர் தோற்றதே இல்லை.

பழைய கார்ப் பந்தய விளையாட்டுக்காகப் பியூலா ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்தாள். இருவருக்கும் சேர்த்து ஒரே திரை. ஆட்டோ கைப்பிடிகளைப் பொருத்தி, இடக்கைக்காரியான தனக்கு மட்டும் ஆக்சிலரேட்டரை இடப்பக்கம் மாற்றிக்கொண்டாள்.

முதல் ஆட்டம் முடிந்ததும், "நான்தான ஜெயிச்சேன்?" என்றான் ஜெபசிங்.

"நல்லாப் பாருங்க. கவுந்து கெடக்கது உங்க காரு."

அவன் முகம் தொங்கிப்போனது. எழுந்து போய்விடுவானோ என்று பியூலா பயந்தாள். அவனோ நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஏட்டி, நீ இவ்வளவு நல்லா ஓட்டுவியா!"

பியூலாவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை.