கியர் பாக்ஸில் தண்ணீர்

கிட்டே வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு வாய்க்கொழுப்புக்காரர் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

மெக்கானிக் படகுத்துறைக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. படகுக்காரர் ஒரு கண்ணாடி டம்ளரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே பழுப்பாக, மேலே நுரை கட்டி, பாலைத் தாராளமாக விட்ட காபி.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன், முதலாளி."

"குடிச்சுப் பாரு, நேரா பரலோகம்தான். என் படகோட கியர் பாக்ஸ் ஆயில்யா இது! தேன் மாதிரி இருந்தது, இந்த லட்சணத்துல இருக்கு. யார் கைவரிசை தெரியுமா? அதோ நிக்கிறாரே, மகாராஜா."

மகாராஜா என்றது அவருடைய மாப்பிள்ளையை. எதிர்க்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் அந்தக் கடல்படகை ஓட்டுகிறவன் அவன்தான். வீட்டோடு மாப்பிள்ளை, ஆகையால் மாமனாருக்கு மூன்று வேளையும் தொட்டுக்கொள்ள அவனைத் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை.

"இன்ஜினைக் கழுவுறேன்னு குழாய்த் தண்ணிய அடிச்சிருக்கான், ஆயில் மூடியத் திறந்து போட்டுட்டு! அந்த இடத்துல ஒரு மாட்டைக் கட்டியிருந்தாக்கூட வாலால ஈயாவது ஓட்டியிருக்கும். இதுக்கு அதுவும் வராது."

மாப்பிள்ளை கையிலிருந்த கந்தல் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றான்.

"தண்ணி விட்டது இவன்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே இவனையும் இவன் பொண்டாட்டியையும் வெளிய துரத்துறேன். தானாப் போற ஜாதியா இது? 'நீங்களாப் போகச் சொல்ற வரைக்கும் இந்த வீட்ட விட்டுப் போக மாட்டோம் மாமா'ன்னு கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்துச்சு. அன்னிக்கு ஒட்டின அட்டை!"

வீடு துறையை ஒட்டியே இருந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகள் அப்பாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு காய்ந்தது காயாதது எல்லாவற்றையும் வாரி அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனாள்.

பாவம், மறைவாக அழப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். அந்த நினைப்பிலேயே அவருக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எப்பாடுபட்டாவது இந்தப் பையன் தலையைத் தப்ப வைப்பது என்று, அவனையும் கூட்டிக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்கினார்.

முதலில் பையிலிருந்த சின்ன ஸ்டவ்வில் ஒரு தகட்டைச் சூடாக்கி, அதில் ஆயிலை ஒரு சொட்டு விட்டார். படபடவென்று வெடித்தது. தண்ணீர் இருப்பது உறுதி.

"என்னய்யா அங்க சத்தம்? சமையலா பண்றே?" என்றார் மேலே இருந்து படகுக்காரர்.

"வைத்தியம் பண்றேன், முதலாளி. நாடி பார்க்காம மருந்து சொல்ல மாட்டேன்."

"அந்த முண்டத்துக்கு நாடி இருந்தா அதையும் பாரு!"

படகு ஓடாமல் கிடந்ததால் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து கியர் பாக்ஸின் அடியில் தங்கியிருந்தது. அடித்திருகைத் தளர்த்தி அதை மட்டும் ஒரு தகர மூடியில் பிடித்தார் மெக்கானிக். தகட்டின்மேல் வைத்து வற்றவிட்டார். மூடியில் வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது.

மெக்கானிக்கின் மீசை துடித்தது. குழாய்த் தண்ணீருக்கு ஏது இத்தனை உப்பு? இது கடல்.

கியர் பாக்ஸுக்குள் கடல் நுழைய வழி எது என்று அவருக்குத் தெரியும். ஆயிலின் சூட்டைத் தணிக்கிற கூலரில் ஒரு பக்கம் ஆயில் ஓடும், ஒரு பக்கம் கடல்நீர் ஓடும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய குழாய்ச் சுவர். கூலரைக் கழற்றினார். ஆயில் பக்கத்தில் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினார்.

கடல்நீர் போகும் வாயிலிருந்து குமிழிகள் பொலபொலவென்று கிளம்பின.

"தம்பி!" சத்தம் வெளியே போகாமல் கூப்பிட்டார் மெக்கானிக். சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. "பொழச்சே, போ! கூலர் குழாய உப்பு அரிச்சிருக்கு. உன் மேல கடுகளவும் தப்பில்ல. இரு, அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா இந்த வாளியக் கொண்டுபோய்க் காட்டுறேன்."

"என்னய்யா குசுகுசுன்னு?" மேலே மரப்பலகை அதிர்ந்தது. "அவன் வேலைதானே? சொல்லித் தொலை, துரத்திட்டு நான் சாப்பிடப் போகணும்!"

வாளியோடு கிளம்பியவரை ஏணியடியில் மறித்தான் மாப்பிள்ளை. அவருடைய கிரீஸ் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, புதுக் கூலர் போட்டுடுங்க, வேணாங்கல... ஆனா உள்ள அவ மூட்டை கட்டிட்டிருக்கா, தண்ணி விட்டது நான்தான்னு சொல்லிடுங்கண்ணே!"

நீங்கள் நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவு, வருகிறவருக்கும் போகிறவருக்கும் ஒரே மாதிரி முகம் கோணாமல் திறக்கட்டும்.