ஒரு பங்கு இருபதான வரலாறு

"பங்கைப் பிரியுங்க முதலாளி. ஒண்ட அஞ்சாப் பிரியுங்க!"

கயிற்றுக்கடை அபூதாஹிர் காக்கா எழுந்து நின்று கேட்டதும் பங்குதாரர் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

1942 மார்ச். சிங்கப்பூர் விழுந்தாயிற்று, அடுத்தது திருகோணமலைதான் என்று ஊரே பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. குண்டு விழுந்தால் குடாவைக் கடந்து மூதூருக்கு ஓட வேண்டும். ஓடுவதற்கு இருந்த ஒரே வழி இந்த லாஞ்சிக் கம்பனியின் மோட்டார்ப் படகுதான். கொழும்பு வரை பங்கு விலைபோகும் கம்பனி. அன்றைய கூட்டத்தில்தான் கால் ரூபாய் டிக்கட்டை ஒரு ரூபாய் ஆக்கியிருந்தார்கள். ஏழைகள் எப்படி அக்கரை போய்ச் சேருவார்கள் என்று யாருக்கும் கவலையில்லை. இந்த மனுசருக்கோ பங்குப் பைத்தியம்.

"காக்கா, உங்கட ஒரு பங்கை முப்பத்தெட்டில ரெண்டாக்கினம். நாப்பதில நாலாக்கினம். இன்னும் ஆசை தீரேல்லையோ?" என்றார் கம்பனித் தலைவர் கனகசிங்கம்.

"தீரல்ல முதலாளி."

"ஒரு ரொட்டியை எத்தனையாப் பிய்ச்சாலும் ரொட்டி ஒண்டுதான், தெரியுமோ?"

"பிய்ச்சுத் தாங்களன்."

கனகசிங்கத்துக்கு உள்ளூரச் சந்தோசம். பங்கைப் பிரிக்கச் செலவில்லை. பிரித்துவிட்டால் அந்த வருசத்து லாபம் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. கூடிப்போன பத்திரங்களைத் தடவிப் பார்த்தபடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உடனே எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொழும்புப் பேப்பரில் போடத்தக்க ஒரு பேச்சுப் பேசினார்.

"ஏழை எளியவர்களும் எங்கள் கம்பனியில் பங்குதாரர் ஆகவேண்டும்! அதற்காகவே பங்கைப் பிரிக்கிறோம்!"

கைதட்டல். தேநீர். அபூதாஹிரின் நாலு பங்கு இருபதானது.

ஏப்ரல் ஒன்பதாம் திகதி காலையில் குண்டு விழுந்தது.

மத்தியானத்துக்குள் இறங்குதுறையில் கால் வைக்க இடமில்லை. டிக்கட் வெட்டும் தவராசாவுக்கு முன்னால் முதலில் வந்து நின்றவள் ஸல்ஹா. புருசன் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒன்று. பாவம், மூத்தது பயத்தில் அழக்கூட மறந்து நின்றது.

ஸல்ஹா காசு நீட்டவில்லை. மடித்த கடதாசி ஒன்றை நீட்டினாள்.

தவராசா விரித்தான். கம்பனியின் பங்குப் பத்திரம். அவள் பேரில் ஒரு பங்கு. பங்குதாரருக்கும் குடும்பத்துக்கும் லாஞ்சியில் டிக்கட் எடுக்கத் தேவையில்லை என்று கீழே அச்சடித்திருந்தது. தலைவர் தன் வீட்டாரை நினைத்து எழுதிச் சேர்த்த விதி அது.

பின்னால் தங்கமுத்து. அவளிடமும் ஒரு பத்திரம். அடுத்தவளிடமும் ஒன்று. நிலக்கரி சுமக்கிறவர்களின் பெண்சாதிமார் கம்பனிப் பங்குதாரர்களாக வரிசையில் நின்றார்கள்.

குடும்பத்தோடு லாஞ்சியின் முன்வாங்கில் உட்கார்ந்திருந்த கனகசிங்கம் பாய்ந்து இறங்கினார்.

"ஆரடா இவையளுக்குப் பத்திரம் குடுத்தது?"

"அபூதாஹிர் காக்கா பேர் மாத்திக் குடுத்தவர், ஐயா. இருபதிலயும் இருக்கிறது உங்கட கையெழுத்துத்தான்."

"நான் எப்ப வச்சனான்?"

"போன கிழமை. நீங்கள் வாசிக்கேல்லை."

இருபது குடும்பங்களும் ஏறின. கடைசியாக வந்தார் அபூதாஹிர்.

"வாங்கோ, வாங்கோ, பெரிய பங்குக்காரர்!" கனகசிங்கம் பல்லைக் கடித்தார். "நீங்களும் ஓசிதானே? ஏறுங்கோ!"

அபூதாஹிர் மடியை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார்.

"எனக்கிட்டப் பங்கு ஒண்டும் இல்ல முதலாளி. ஒரு டிக்கட் வெட்டச் சொல்லுங்க."