கடைசித் தண்ணீர்

அண்டாவிலிருந்து நூலை இறக்கிப் பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது.

தறிக்காரர் மயில்வாகனம் கொடியிலிருந்து அரக்கு நிறக் கற்றை ஒன்றை உருவினார். நுனியை நாக்கில் நனைத்து, வெள்ளை வேட்டியின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார்.

எங்கள் சாயப்பட்டறைக்கு வரும் தறிக்காரர்கள் யாரும் இப்படித் தேய்த்துப் பார்க்காமல் நூலை வாங்குவதில்லை. வேட்டியில் ஒன்றும் ஒட்டாது. சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொள்வார்கள்.

இன்று சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"இன்னாமா குழலி, கல்யாணப் பொண்ணு முதுகுல ஒட்டிக்கினு வரவா இது?" என்றார். நாக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

முதலாளி கோதண்டபாணி எழுந்து வந்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

நேற்றுக் காலையில்தான் அவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார், இந்த அரக்கு நன்றாக வந்துவிட்டால் ஆவணியிலிருந்து கலவை என் பொறுப்பு என்று. பட்டறையில் கலவை போடுபவர் சொல்வதுதான் பேச்சு. நான் சேர்ந்து எட்டு மாதம். என்னைச் சேர்த்துவிட்ட என் அண்ணன் உதயகுமார் அதே அண்டாவில் பதினோரு வருடமாக நூல் திருப்புகிறான்.

முதலாளி சொன்னதும் அவன்தான் முதலில் கைதட்டினான்.

இப்போதும் அவன்தான் முதலில் பேசினான்.

"உட்ருங்க முதலாளி. சின்னப் பொண்ணு, ஆசிட் ஊத்த மறந்துருக்கும். சேத்துவுட்டது நானு, என்னைத் திட்டுங்க."

இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்பதுபோல மயில்வாகனம் தலையை ஆட்டினார்.



சாயம் ஏற்றியவர்தான் கடைசித் தண்ணீரும் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு மூடி அசிட்டிக் ஆசிட் விட்டு நூலை முக்கி எடுக்க வேண்டும். அது பட்டறை வழக்கம்.

பட்டு ஒரு புரதம். அதில் பெரும்பாலும் கிளைசின், அலனின், செரின் என்ற சின்ன அமினோ அமிலங்கள். சின்னவை என்பதால் சங்கிலிகள் நெருங்கிப் படிந்து, மடிப்பு மடிப்பான தகடுகளாக அடுக்கிக்கொள்ளும். அங்கே சாயத்துக்குப் பிடிமானம் இல்லை. லைசின், அர்ஜினின் என்று வேறு சில மட்டும் கை நீட்டிக்கொண்டிருக்கும். நூற்றில் ஒன்று தேறாது. தண்ணீரில் அமிலம் இருந்தால் அந்தக் கைகள் நேர்மின்னூட்டம் பெறும். எதிர்மின்னூட்டம் உள்ள சாயம் வந்து பற்றிக்கொள்ளும். தண்ணீர் காரமாகிவிட்டால் கைகள் மின்னூட்டத்தை இழந்துவிடும். சாயத்தை விட்டுவிடும்.

மூன்று வருடம் கல்லூரியில் படித்த இதை வீட்டில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

போன வாரம் அண்ணன் கேட்டான். டீக்கடையில் வடை வைத்துக் கொடுத்த தாளில் வரைந்து காட்டினேன்.

"அப்ப நூல்ல சீட்டு கம்மி. நம்ம ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ கணக்கா," என்று சிரித்தான். "சரி, ஏறுன சாயத்தை எறக்கணும்னா?"

"கடைசித் தண்ணில சோடா உப்பு போட்டா புடி வுட்டுப்பூடும்ணா. காஞ்ச நூலைப் பாத்தா தெரியாது. நனைஞ்சா எறங்கும்."

அவன் எனக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பி.எச். தாளைச் சுடிதார் பையிலிருந்து எடுத்தேன். கற்றையின் இன்னொரு முனையை நல்ல தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டைத் தாளில் பிழிந்தேன். சொட்டு விழுந்த இடம் சிவந்தது. அது சாயம். அதைச் சுற்றி ஈரம் பரவும் ஓரத்துக்காகக் காத்திருந்தேன்.

அமிலம் ஊற்றியிருந்தால் ஓரம் ஆரஞ்சாகும். ஊற்ற மறந்திருந்தால் பச்சையோடு நின்றுவிடும்.

கருநீலம்.

மறந்துபோனால் இந்த நிறம் வராது. கச்சா நூலின் பசையை எடுப்பதற்கான சோடா உப்பு மூட்டை பின்கட்டில் இருக்கிறது. பத்தடி நடந்து போய், அள்ளி வந்து போட்டால்தான் வரும்.

அண்ணன் தாளைப் பார்க்கவில்லை. கொடியில் ஒழுங்காகவே இருந்த கற்றைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

முதலாளி பார்த்தார்.

"நீலம்னா சோடா. நீதான சொல்லிக்குடுத்த," என்றார். "படிச்ச பொண்ணு. ஆசிட் எது சோடா எதுன்னு தெரியாமயா போட்ட?"



மயில்வாகனம் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வூட்டுக்குப் போம்மா," என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து வர வேணாம்."

"நான் கூட்டிக்கினு போறேன் முதலாளி." அண்ணன் என் தோளில் கை வைத்தான். காய்ச்சல் வந்த நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டி வரும்போது வைப்பானே, அதே மாதிரி. இதமாக.

இந்த எட்டு மாதத்தில் முதலாளி கேட்டதற்கு மட்டுமே நான் பதில் சொல்லியிருக்கிறேன். நானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

தோளிலிருந்து அவன் கையை எடுத்துக் கீழே விட்டேன்.

"முதலாளி, நேத்து அஞ்சரைக்கே அண்ணன் என்னை வூட்டுக்கு அனுப்பிட்டான். கடைசித் தண்ணி அவன் வச்சது."