முதல் பலூன் ஏறும்போது

எங்கள் பழைய கார் கிளப்பின் செயலாளருக்கு ‘ரூல்ஸ்’ என்று பெயர் வைத்தது நாங்கள்தான். போன வருஷம் சொந்த மச்சானையே கிளப்பை விட்டுத் தூக்கிய மனுஷர்.

வருஷாவருஷம் பலூன் விழா மைதானத்தில் எங்கள் கார்களை வரிசையாக நிறுத்துவோம். முதல் பலூன் தரையை விட்டு எழும்பும்போது எல்லா இன்ஜினும் ஒன்றாக உறும வேண்டும். உறுமாத வண்டிக்குக் கிளப்பில் இடமில்லை. மச்சானின் வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் நர்ஸம்மா வந்திருந்தார். கணவர் காலமான பிறகு, வரிசையில் அவருடைய பச்சைக் காரின் இடம் பறிபோய்விடக் கூடாது என்பதற்காகவே ஓட்டக் கற்றுக்கொண்டவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரும் ரூல்ஸும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

பலூன்களுக்குள் சூடான காற்று ஏறத் தொடங்கிய நேரத்தில் ரூல்ஸ் ஒரு குண்டைப் போட்டார்.

“யாரும் சாவியைத் தொடக் கூடாது. இந்த வருஷம் சத்தம் வேணாம்னு பலூன்காரங்க சொல்லிட்டாங்க.”

நர்ஸம்மா தலை குனிந்தபடி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், ஆசை ஆசையாக வந்தவர். பலூன்காரர்களுக்கு ஜால்ரா போட இந்த வருஷம்தானா கிடைத்தது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தோம்.

பலூன்கள் எழும்பின. சாவியைத் தொடாமல் அண்ணாந்து பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

கூட்டம் கலைந்த பிறகு, பலூன் ஓட்டிவிட்டுத் திரும்பிய ஒருவர் என்னிடம் வந்தார்.

“என்ன சார், ஏமாத்திட்டீங்க? உங்க இன்ஜின் சத்தத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்.”

“நீங்கதானே வேணாம்னீங்க?”

“நாங்களா? யார் சொன்னது?”

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ரூல்ஸைத் தேடிப் போனேன். மைதானத்தின் கோடியில், தன் காருக்குப் பின்னால் அந்தப் பச்சைக் காரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“காலையில இங்க வந்து நின்னதோட சரி, அப்புறம் உசிரே இல்ல” என்று நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

என்னைப் பார்த்ததும் ரூல்ஸ் விறைப்பானார்.

“என்ன பாக்கறீங்க? ரூல்ஸ் ரூல்ஸ்தான். பலூன் ஏறுறப்ப மத்த வண்டியெல்லாம் உறுமி, ஒண்ணு மட்டும் உறுமலன்னாதானே தப்பு?”